ஆணி அடிக்காத அண்ணனுக்கு

என் கூடப் பிறந்த பிறப்பே, அண்ணா,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதாசி எழுதியதில்லை. ஒரே வாசலில் இருந்தவர்களுக்குள் கடிதாசி எதற்கு? இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், போன வெள்ளிக்கிழமை நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு ஆறாது என்பதால்தான். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். இந்த மீனாட்சிபுரத்தில் யாருக்கும் பயந்து எதையும் மறைக்கிற நிலையில் நான் இல்லை.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். என் பையன், உங்கள் மருமகன், கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறான். விடிவதற்குள் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வருகிறான், சட்டையெல்லாம் இரும்புத்தூள். கிணற்றில் கரண்டு மோட்டார் வைத்துவிட்டோம். மாடு கட்டிக் கவலை இறைத்த பழைய தோல்சால் கொட்டாயில் சும்மா கிடக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அதற்கு இரண்டு கொம்பு வைத்து எருமையாக்கி வாசலில் நிறுத்தியிருப்பீர்கள்.

வேர்ப்பைத்தியம் என்றுதானே ஊர் உங்களைக் கூப்பிட்டது. செத்த மாட்டின் விலா எலும்பை எடுத்து வந்து கொக்கு செய்தீர்கள். பனங்கொட்டையில் ஆந்தை, உடைந்த கலப்பையில் முதலை. யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. உளியும் சுத்தியலும் நம் வீட்டில் இருந்ததே இல்லை. உடைந்த கண்ணாடிச் சில்லு, ஆற்றுமணல், தேங்காய் மட்டை, விளக்கெண்ணெய். அவ்வளவுதான் உங்கள் பட்டறை.

ஒரு வேரைக் கொண்டுவந்தால் அதை நாள்கணக்கில் புரட்டிப் புரட்டிப் போடுவீர்கள். "அது எப்படி உக்காருதுன்னு பாக்கோணும் அம்மிணி. நாம உக்கார வெச்சா உக்காராது" என்பீர்கள். சோறு ஆறிப்போகும். நான் கத்துவேன். உங்கள் பெண்சாதி, என் நங்கை, இருந்திருந்தால் அவர் கத்தியிருப்பார். அவர்தான் சரசைப் பெற்றுப்போட்ட கையோடு போய்விட்டாரே. தாலியறுத்து, கைக்குழந்தையோடு உங்கள் வாசலுக்கு வந்த நான்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன், உங்களையும் சேர்த்தால் மூன்று.

இரண்டு துண்டைச் சேர்க்க வேண்டியிருந்தால் ஆணி அடிக்க மாட்டீர்கள். புளியங்குச்சியைச் சீவி உள்ளே முளை இறக்கி, மரத்தூளையும் புளியங்கொட்டைப் பசையையும் குழைத்துப் பூசித் தேய்த்துவிடுவீர்கள். சேர்த்த இடம் கடவுளுக்கே தெரியாது. "எங்க ஒட்டியிருக்குதுன்னு எவனாச்சும் கண்டுபுடிச்சா நான் மீசையை எடுத்துக்கறேன்" என்று பீற்றிக்கொள்வீர்கள். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரசு காமாலையில் செத்துப்போன வருஷம் ஆற்றில் தண்ணீர் வடிந்ததும் அந்த வேரை இழுத்து வந்தீர்கள். என்ன மரமோ, எங்கே பிறந்ததோ. மலையிலிருந்து உருண்டு வந்து நம் துறையில் கிடந்தது. வாசலில் போட்டுப் புரட்டவே இல்லை. பார்த்ததுமே நிமிர்த்தி வைத்துவிட்டு, "உக்காந்திருக்கறா பாரு" என்றீர்கள். எனக்கும் தெரிந்தது. அன்றைக்கு நான் உங்களைத் திட்டவில்லை.

சோளக்காட்டில் கிளி விரட்ட வரப்புமேட்டில் அவள் எப்படி உட்காருவாள்? ஒரு காலை மடித்து, மறு காலைத் தொங்கவிட்டு, மண்ணாங்கட்டி எறிய வலது கையைத் தூக்கிக்கொண்டு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அது அப்படியே வந்தது. தூக்கிய கை வேரிலேயே இருந்தது. தொங்கும் காலை மட்டும் இன்னொரு துண்டில் எடுத்து முழங்காலில் முளை இறக்கினீர்கள். கண் வைக்கவில்லை, இமை சுருங்கினதுபோல ஒரு புடைப்போடு விட்டீர்கள். தலைக்கு முடியாகப் பனந்தும்பு. முழங்காலுக்குள் ஒரு பொந்து குடைந்து, சந்தையில் நானும் பங்காளி வீட்டு ராமாத்தாளும் அவளுக்கு வாங்கிப் போட்ட சிவப்புக் கண்ணாடி வளையல் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்து மூடினீர்கள். அது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும். பிறகு அவளை அந்த வரப்புமேட்டிலேயே கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள்.

கிளி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உங்கள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. நான் அதுபோதும் என்றிருந்தேன்.

அடுத்த வருஷம் ஆறு கரை உடைந்து காட்டுக்குள் வந்ததா, சோளமும் போய் மேடும் போய் அவளும் போய்விட்டாள். தண்ணீர் வடிந்த பிறகு சேற்றில் எத்தனை நாள் குச்சி வைத்துக் குத்திக் குத்தித் தேடினீர்கள். கிடைக்கவில்லை. ஒரு பிள்ளையை இரண்டு தடவை பறிகொடுத்தவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்தேன். மூன்றாவது தடவையும் இருக்கிறதென்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஒரு போகம் விளைந்து அறுத்த பிறகு, நம் பெரியப்பா மகன் கிட்டுசாமி அண்ணனின் வயலில் ஏர் ஓட்டும்போது கொழு எதிலோ இடித்தது. தோண்டினால் அவள். சேற்றில் கிடந்து கறுத்து, தலையில் தும்பு போய், மொட்டையாக. ஏர் ஓட்டினவன் கலப்பையைப் போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டான். பொழுது உச்சிக்கு வருவதற்குள் ஊரே வயலில் நின்றது. யாரோ மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள், யாரோ குங்குமம் வைத்தார்கள். ஒரு காலை மடித்து மறு காலைத் தொங்கவிட்டிருக்கிறாளாம், அம்மன் உட்காரும் உட்காருகையாம். தூக்கிய கை அருள் கொடுக்கிற கையாம். கிளியை விரட்டத் தூக்கின கை அண்ணா அது.

கன்னிமாரில் ஒருத்தி வந்துவிட்டாள் என்று சொல்லி மேற்கேயிருந்து மலையாள ஜோசியரை அழைத்துவந்தார்கள். அவர் சோழி உருட்டிப் பிரசன்னம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அவளை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். எங்கும் உளி பட்ட தடம் இல்லை. "இது ஸ்வயம்புவாணு. கை கொண்டு பணிததல்ல" என்றார், தானாகத் தோன்றினது, கையால் செய்ததில்லை என்று. அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். உங்கள் கைவேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் சொன்னதில்லை என்றுகூடச் சில சமயம் நினைப்பேன். நினைத்த உடனே வயிறு எரியும்.

அப்போதுதான் நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனீர்கள். அழவில்லை, கத்தவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஏனுங்ணா, இது எம்பட புள்ளைங்க. எம்பட சரசுங்க. நான் செஞ்சதுங்க" என்றீர்கள்.

கிட்டுசாமி அண்ணன் உங்கள் வரப்புமேட்டில் அவளைப் பார்த்தவர்தான். அவர் காட்டுக்குப் போகும் வழியே அதுதானே. ஆனால் சாமி வந்திருப்பது அவர் வயலில். "உன்ர பொம்மை ஆத்தோட போயிருச்சுடா. இது பூமிக்குள்ள இருந்து வந்தது. சாமியைப் பாத்து உன்ர புள்ளைங்கறயே, நாக்கு அழுகிப்போயிரும்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் என்னால் மறக்க முடியாதது. "நீ செஞ்சேன்னா உளி பட்ட எடத்தைக் காட்டு. ஒட்டுன எடத்தைக் காட்டு. ஒத்தை ஆணி இருந்தாக் காட்டு, நாங்க தூக்கி உன்ர ஊட்டுல கொண்டாந்து வெச்சுப்போடறோம்."

நீங்கள் குனிந்து அவள் முழங்காலில் கை வைத்தீர்கள். ஒரு திருகு திருகினால் முளை வெளியே வரும், உள்ளே வளையல் இருக்கும், கிட்டுசாமி அண்ணன் பெண்சாதி ராமாத்தாள் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள், அவள் அடையாளம் சொல்வாள். நீங்கள் கையை எடுத்துக்கொண்டீர்கள். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

அன்றைக்கு நான் உங்களைப் பேசாத பேச்சில்லை. வாய் அவிஞ்சு போச்சா, கை வெளங்காமப் போச்சா என்றெல்லாம் கேட்டேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "காலை ஒடிச்சுக் காட்டச் சொல்றியா? அவ காலு அம்மிணி" என்றீர்கள். மரம்தானே அண்ணா. மறுபடி முளை அடித்தால் சேர்ந்துவிடும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? நான் இன்றைக்கும் கேட்கிறேன், ஊர் முன்னால் ஒரு தடவை வலிக்கட்டுமே என்று ஏன் நீங்கள் நினைக்கவில்லை?

அதற்கப்புறம் அவர்கள் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓர் ஆசாரியை வரவழைத்துக் கண் திறந்தார்கள். கண் திறக்கும்போது சாமியின் பார்வை முதலில் படுவதற்குப் பசுவும் கன்றும் நிறுத்த வேண்டுமாம். கிட்டுசாமி அண்ணன் நம் கன்றைக் கேட்டு ஆள் அனுப்பினார். நீங்கள் அவிழ்த்தும் கொடுத்தீர்கள். அந்த உளிச்சத்தம் நம் வாசல்வரை கேட்டது. வெயிலுக்குச் சுருக்கின கண்ணை இரண்டு குழியாகத் தோண்டி வைத்தார்கள், முறைத்துப் பார்க்கிற மாதிரி. எட்டு வயசில் அந்தப் பிள்ளை யாரை முறைத்தது?

கோயில் எழும்பிவிட்டது. நீங்கள் எல்லோரையும்போல வரிசையில் நின்று உங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பூசாரி எட்ட நின்று திருநீறு போட்டார். அவளை அவர்கள் வைத்துக்கொண்டதைக்கூட நீங்கள் பொறுத்தீர்கள். தண்ணீர் ஊற்றுவதைத்தான் பொறுக்கவில்லை. தினமும் குடம்குடமாகத் தண்ணீர், செவ்வாய் வெள்ளியில் பால், மோர், இளநீர். "சாமி, மரமுங்க. தண்ணி ஊத்தாதீங்க, உளுத்துப் போயிருமுங்க. மாசத்துக்கு ஒருக்கா வெளக்கெண்ணெய் போட்டாப் போதுமுங்க" என்று பூசாரியிடம் கெஞ்சினீர்கள். அவர், "அம்மனுக்கு அபிசேகம் பண்ண வேண்டாங்கறான் பாருங்க இவன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிரித்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தாங்க முடியாமல் உள்ளே ஏறி உங்கள் துண்டால் அவளைத் துடைத்தீர்கள். தலை, கழுத்து, கக்கம் என்று, குளிப்பாட்டின பிள்ளையைத் துவட்டுகிற மாதிரி. இளவட்டங்கள் உங்களைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்கள். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. நீங்கள் தொட்ட தீட்டுப் போக வேண்டுமென்று அன்று இன்னும் பத்துக் குடம் ஊற்றினார்கள்.

அதோடு நீங்கள் எதையும் செய்வதை விட்டுவிட்டீர்கள். கொக்கையும் ஆந்தையையும் வெந்நீர் அடுப்பில் வைத்தீர்கள். நீங்கள் போய்ச்சேர நெஞ்சுச்சளி ஒரு சாக்கு. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளை ஊட்டுக்குக் கூட்டியாந்துரு அம்மிணி. நெம்ப நனையறா" என்றீர்கள். சரி என்று நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

நீங்கள் சொன்னபடியே ஆயிற்று. இந்தக் கோடைக்குள் அவள் இடுப்பில் கரையான் ஏறிவிட்டது. தூக்கின கையில் ஒரு விரல் பூசாரி தட்டில் உதிர்ந்தது. சாமிக்குப் பின்னம் வந்துவிட்டது, கருங்கல்லில் வைக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். திருப்பூர்ப் பக்கத்துச் சிற்பி வந்து அவளை நூல் பிடித்து அளந்துகொண்டு போனார். அதே மடித்த கால், அதே தூக்கின கை, அப்படியே கல்லில் செய்து வந்தது. சுயம்பு என்ற சாமிக்குக் கூலி கொடுத்து நகல் எடுத்தார்கள். அது யாருக்கும் உறைக்கவில்லை.

பின்னப்பட்ட சாமியை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். போன வாரம் நான் கிட்டுசாமி அண்ணன் வீட்டுப்படி ஏறினேன், நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. "அண்ணா, ஆத்துல விடறதை எனக்குக் குடுத்துருங்க" என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "சாமியை எங்காச்சும் ஊட்டுக்குள்ள வெப்பாங்களா அம்மிணி? தெய்வக்குத்தம் ஆயிரும். உன்ர பையன் பொழைக்கறது புடிக்கலையா உனக்கு?" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளைப் பீடத்திலிருந்து பெயர்த்தார்கள். நான் முன்னால் போய் நின்றேன். இரண்டு பேர் தூக்கும்போது முழங்காலில் மரம் மக்கியிருந்ததால் முளை தானாகக் கழன்றது. கால் கீழே விழுந்தது. பொந்திலிருந்து வளையல் உருண்டு வந்து தரையில் சுற்றி நின்றது. சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை.

நான் சொன்னேன்: "இது சரசோட வளையலுங்க. முளை இருக்குது, பொந்து இருக்குது, பாத்துக்கங்க. எங்கண்ணன் பண்ணுனதுங்க." பிறகு கிட்டுசாமி அண்ணனின் பெண்சாதியைப் பார்த்தேன். "ராமாத்தா, நீ சொல்லு. நாம ரெண்டு பேரும்தான சந்தையில வாங்குனோம்?" என்றேன். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, கண் கலங்கியதைப் பார்த்தேன். புருஷன் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்கு நெனவில்லீங்க" என்றாள்.

அதற்குள் பூசாரி வளையலை எடுத்துத் தட்டில் வைத்து உயர்த்திவிட்டார். "ஆத்தா பூமிக்குள்ள இருந்து வளையலோட வந்திருக்கறா பாருங்க." எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளையில்லாத பெண்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள முண்டினார்கள். அதன் பிறகு புது அம்மனை நிறுத்துகிற குழியில், எந்திரத் தகட்டோடும் நவதானியத்தோடும் அந்த வளையலையும் போட்டு, மேலே கல்லை நிறுத்தி அஷ்டபந்தன மருந்து சாத்திவிட்டார்கள். உங்கள் சாட்சி அவ்வளவுதான் அண்ணா. நீங்கள் அன்றைக்கே முளையைத் திருகிக் காட்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஒரு விஷயத்தில் உங்கள் மேலிருந்த கோபம் எனக்குப் போய்விட்டது.

ஆனால் நான் அங்கே நிற்கவில்லை. அவர்கள் அவளை மஞ்சள் துணியில் கட்டி மேளத்தோடு ஆற்றுக்குக் கிளம்புவதற்குள், குறுக்கு வழியில் போய் தரைப்பாலத்துக்குக் கீழே, திருப்பத்தில் நாணல் அடர்ந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றேன். நீங்கள் அந்த வேரைக் கண்டெடுத்த துறைதான் அது. சாமியைத் தண்ணீரில் விட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். விட்டார்கள், திரும்பினார்கள், ஒருத்தரும் பார்க்காமல் போனார்கள். இந்த ஊரின் எந்தச் சம்பிரதாயமும் நமக்கு ஆகி வந்ததில்லை. இது ஒன்றுதான் ஆகி வந்தது.

துணி அவிழ்ந்து, முதலில் உடம்பு மிதந்து வந்தது, கொஞ்சம் பின்னால் கால். நான் அவளைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கனமே இல்லை. உள்ளெல்லாம் கரையான் தின்றிருந்தது. கரையில் வைத்து முந்தானையால் துடைத்தேன். நன்றாக அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது அவள் கொட்டாயில் அடுப்புக்கு மேலே பரணில், புகை படும்படி இருக்கிறாள். கரையானை வேப்பெண்ணெய் ஊற்றிக் கொன்றுவிட்டேன். ஆசாரி தோண்டின இரண்டு குழியையும் மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் குழைத்து அடைத்தேன். உங்கள் கை நேர்த்தி வரவில்லை, ஒரு கண் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கிறது. ஆனாலும் வெயிலுக்குச் சுருக்கினதுபோலத்தான் இருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவாள் போல இருக்கிறது.

காலையும் வைத்துவிட்டேன். முளை இல்லை அண்ணா. உங்கள் மருமகனைக் கம்பெனியிலிருந்து ஆணியும் ஒரு சுத்தியலும் கொண்டுவரச் சொன்னேன். நாலு ஆணி, விரல் நீளம், குடைக்காளான் மாதிரித் தலை. நானே சுத்தியலைப் பிடித்து அடித்தேன். ஒவ்வொன்றின் தலையும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, குருடனும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். உங்கள் கண்ணுக்கு அது அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

நான் இருக்கிற வரைக்கும் இவள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது, ஒரு பொட்டுக் குங்குமம் படாது. யாராவது கும்பிட வந்தால் கையைப் பிடித்து அந்த ஆணியின் மேல் வைப்பேன்.

உங்கள் தங்கச்சி வள்ளியாத்தாள்,
சரசின் அத்தை